சந்தைக்குப் போவது யார்? – ஆல்பிரெக்ட் டியூரரின் கணக்கேட்டிலிருந்து சில பக்கங்கள்

ஓவிய வரலாற்று நூல்கள் ஆல்பிரெக்ட் டியூரரை (1471–1528) மேதையாகவே நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. நீண்ட சுருள்முடியோடு கிறிஸ்துவைப் போல் நம்மை நேர்கொண்டு பார்க்கும் 1500ஆம் ஆண்டுத் தன்னோவியம், முயல், காண்டாமிருகம், கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் 'மெலன்கோலியா' தேவதை. இவற்றை வரைந்தவர் விடியற்காலையில் என்ன கவலையோடு எழுந்திருப்பார் என்று அந்நூல்கள் கேட்பதில்லை. அவர் விட்டுச்சென்ற கடிதங்களையும் நாட்குறிப்பையும் குடும்பக் குறிப்பேட்டையும் படிக்கப் புகுந்தால் நமக்குக் கிடைப்பது வேறொரு மனிதர். எவ்வளவு சரக்கு கையில் இருக்கிறது, இந்த ஆண்டு எந்தச் சந்தைக்கு அனுப்புவது, யாரை அனுப்புவது, போக உடம்பு இடங்கொடுக்குமா, போனால் செலவுக்குக் கட்டுமா என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தனித் தொழிலாளி. இக்கட்டுரையில் நாம் பின்தொடரப்போவது அந்த மனிதரைத்தான்.

டியூரர் பிறந்து வாழ்ந்த நியூரம்பர்க் நகரின் ஒரு தனித்தன்மையை முதலில் சொல்லியாக வேண்டும். மத்திய கால ஐரோப்பிய நகரங்களில் கைவினைஞர்கள் பெரும்பாலும் 'கில்டு' எனப்படும் தொழிற்குழுக்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். யார் கடை வைக்கலாம், எத்தனை சீடர்களை வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் குழு தீர்மானிக்கும். பதிலுக்கு, உறுப்பினர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ அவருக்கும் அவர் விதவைக்கும் ஏதோ ஒரு கைத்தாங்கல் கிடைக்கும். நியூரம்பர்க்கில் 1348–49இல் நடந்த கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு நகரசபை இக்குழுக்களைத் தடைசெய்துவிட்டது. ஓவியம் அங்கே 'சுதந்திரக் கலை' என்ற பிரிவில் இருந்தது. எவரும் செய்யலாம், எப்படியும் விற்கலாம். இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம், விழுந்தால் தூக்கிவிட யாருமில்லை என்பது. டியூரர் தம் காலத்தின் மற்றெந்த ஓவியரையும்விடத் துணிச்சலாகத் தொழில் நடத்தியதற்கும், மற்றெவரையும்விட அதிகமாகப் பணக்கவலை பட்டதற்கும் காரணம் இந்த ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் கண்டுகொண்ட வழி அச்சுப்படம். ஓவியம் என்றால் கேட்பவர் முதலில் வரவேண்டும், விலை பேச வேண்டும், பிறகு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், கடைசியில் பணத்துக்கு நடக்க வேண்டும். மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ ஒருமுறை செதுக்கிவிட்டால் அதிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்களை எடுத்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். டியூரரின் ஞானத்தந்தை ஆண்டன் கோபர்கர் அக்கால ஜெர்மனியின் பெரும் அச்சக முதலாளிகளில் ஒருவர். அச்சிட்டதைத் தூரதேசங்களுக்கு அனுப்பி விற்கும் கலையை டியூரர் அந்தச் சூழலில் இருந்தபடியே பார்த்துப் படித்திருப்பார். 1498இல், நூற்றாண்டு முடியப்போகிறது, உலகமும் முடியப்போகிறதோ என்று மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த வேளையில், பைபிளின் 'வெளிப்படுத்தின விசேஷ'த்துக்குப் பதினைந்து பெரிய மரச்செதுக்குப் படங்கள் செய்து, ஜெர்மனிலும் லத்தீனிலும் தாமே பதிப்பாளராக நின்று வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

ஆனால் அச்சடித்த தாள் வீட்டில் அடுக்கியிருந்தால் காசாகாது. எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே அதைக் கொண்டுபோக வேண்டும். நியூரம்பர்க்கில் ஆண்டுக்கொருமுறை, ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வெள்ளியன்று, பேரரசின் மணிமுடியையும் புனிதச் சின்னங்களையும் மக்கள் பார்வைக்கு எடுத்துவைப்பார்கள். அதையொட்டித் திருவிழாவும் சந்தையும். நம்மூர்த் தேர்த்திருவிழாவில் தெருவடைத்துக் கடை போடுவதை நினைத்துக்கொண்டால் போதும். வெளியூர் என்றால் பிராங்க்பர்ட். இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 1240இலேயே பேரரசின் பாதுகாப்புச் சாசனம் பெற்ற இலையுதிர்காலச் சந்தையும், 1330இலிருந்து தவக்காலச் சந்தையுமாக ஆண்டுக்கு இரண்டு. வழிப்பறிக்கு அஞ்சி வணிகர்கள் காவற்படை சூழக் கூட்டங்கூட்டமாகப் பயணம் செய்த காலம் அது.

கேள்வி இதுதான்: செதுக்குகிறவரே சந்தைக்கும் போனால் செதுக்குவது யார்? கைவினையை நம்பிப் பிழைக்கிற எவரும் அன்று முதல் இன்று வரை முட்டிக்கொள்கிற சுவர் இது. ஒரு சந்தைக்குப் போய்வருவது என்றால் கடை விரித்திருக்கும் நாட்களை மட்டும் கணக்கிட்டால் போதாது. போகும் நாள், திரும்பும் நாள், திரும்பியபின் கை பழைய பதத்துக்கு வரும்வரை கழியும் நாள் எல்லாம் சேரும். செப்புத் தகட்டில் செதுக்குளியைத் தள்ளுகிற கைக்கு நடுக்கம் ஆகாது. கண்ணுக்கு அயர்ச்சி ஆகாது.

டியூரர் முதலில் கூலிக்கு ஆள் வைத்தார். 1497இல் ஒருவரோடும், 1500இல் இன்னொருவரோடும் அவர் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தெரியவந்துள்ளன. படங்களை நகரம் நகரமாக எடுத்துச்சென்று இயன்ற நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அது எப்படி முடிந்தது? சுமார் பத்தாண்டு கழித்துத் தம் குறிப்பேட்டில் சொத்துக் கணக்கு எழுதும்போது டியூரர் கசப்போடு குறித்துவைக்கிறார்: கடன் கொடுத்துத் திரும்பாமல் போனவை, கணக்கே காட்டாத வேலைக்காரர்கள், ரோம் நகரில் செத்துப்போய்ச் சரக்கையும் கொண்டுபோன ஒருவன். ரோமில் இறந்த அந்த மனிதனின் பக்கத்துக் கதையை எழுதிவைக்க யாருமில்லை. அந்நிய ஊரில், பிறர் செய்த படக்கட்டைச் சுமந்துகொண்டு, எந்த நோயில் எந்தச் சத்திரத்தில் இறந்தானோ.

ஆக, எஞ்சியது குடும்பம். 1494இல் டியூரர் மணந்த ஆக்னெஸ் ஃப்ரை பிராங்க்பர்ட் சந்தைக்குப் போனாள். டியூரரின் தாய் பார்பரா உள்ளூரில் விற்றாள். பார்பரா பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று மூவரை மட்டுமே ஆளாக்கியவள். பலமுறை கொடும் நோய்களில் விழுந்து எழுந்தவள். கணவர் இறந்து இரண்டாண்டில் கையில் ஒன்றுமில்லாமல் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். 1506இல் வெனிஸிலிருந்து நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமருக்கு எழுதும் கடிதமொன்றில், வரப்போகும் திருவிழாச் சந்தையில் விற்பனையைக் கவனிக்கும்படி தாயிடம் சொல்லுங்கள் என்று டியூரர் கேட்டுக்கொள்கிறார். அதற்குள் மனைவியும் வீடு திரும்பிவிடுவாள் என்று நம்புகிறார். மற்றொரு கடிதத்தில் குடும்பத்துக்கு என்ன இருப்பு என்று கணக்குச் சொல்கிறார்: மனைவிக்குப் புறப்படும்போது 12 குல்டன் கொடுத்தேன், பிராங்க்பர்ட்டில் அவளுக்கு 13 கிடைத்தது, ஆக 25, முடை இராது. தாய்க்கு 10 கொடுத்தேன், அவள் படம் விற்று ஒன்பதோ பத்தோ ஈட்டியிருக்கிறாள்.

13 குல்டன். ஒரு பெண் 200 கிலோமீட்டர் போய், சந்தை முழுதும் கடை விரித்து அமர்ந்து, அதே தொலைவு திரும்பி வந்ததற்கு வரலாற்றில் எஞ்சியிருக்கும் ஒரே வரி இது. இதையும் ஆக்னெஸ் எழுதவில்லை. கணவர் எழுதியிருக்கிறார், அதுவும் நண்பருக்கு, அதுவும் கடன் கேட்கும் தோரணையில்.

வெனிஸுக்கு டியூரர் போனது 1505இன் பிற்பகுதியில். அங்கிருந்த ஜெர்மன் வணிகர்கள் தங்கள் தேவாலயத்துக்கு ஒரு பலிபீட ஓவியம் கேட்டார்கள். 110 குல்டனுக்குப் பேச்சு முடிந்தது. உடனே கையில் சொறி கண்டு வேலை தடைபட்டது. கையை நம்பிப் பிழைப்பவனுக்குக் கையிலேயே நோய். உள்ளூர் ஓவியர்கள் மூன்றுமுறை அவரை அதிகாரிகள் முன் இழுத்து, தங்கள் குழுவுக்கு நாலு குல்டன் கட்ட வைத்தார்கள். அவர்களோடு உண்ணவோ குடிக்கவோ வேண்டாம் என்று நண்பர்கள் எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. கடைசியில் ஓவியம் முடிந்தது. செதுக்கத் தெரிந்தவனுக்கு வண்ணம் தீட்டத் தெரியாது என்று சொல்லி வந்தவர்கள் வாயடைத்தார்கள். ஆனால், புகழ் நிறைய, லாபம் கொஞ்சம். அதே காலத்தில் 200 டுகாட் சம்பாதித்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பெரிய வேலைகளையெல்லாம் மறுத்துவிட்டதாகவும் எழுதுகிறார். வறுமையிலும் கவலையிலும் தலை நரைத்துவிட்டது என்ற புலம்பல் ஒரு பக்கம். நடனம் கற்கப்போய் இரண்டே நாளில் ஒரு டுகாட்டைத் தண்டமழுது நின்றுவிட்டேன், இனி யார் இழுத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்ற வேடிக்கை இன்னொரு பக்கம். இந்த நடனப் பாடத்தை எந்த மேதை வரலாறும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு அது முக்கியமாகப் படுகிறது. முப்பத்தைந்து வயது மனிதர், கடனாளி, கையில் முடியாத வேலை. இருந்தும் ஆடக் கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு மாலைநேரம் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஊர் திரும்பிய பின் பிராங்க்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் கேட்ட பலிபீட ஓவியம் அவரை உலுக்கியெடுத்தது. 130 குல்டனுக்கு ஒப்புக்கொண்டு, நீலக்கல் சாயத்தின் விலையும் இழைத்து இழைத்துச் செய்யும் நேரமும் ஏறிக்கொண்டே போக, 200 கேட்டு மன்றாடி வாங்கினார். 1509 ஆகஸ்ட் கடிதத்தில் ஒரு கணக்கு வருகிறது: சாதாரண ஓவியங்களை ஓராண்டில் குவித்துவிடலாம், அதில் காசும் பார்க்கலாம், இப்படி நுணுக்கமாகச் செய்வதில் ஒன்றும் மிஞ்சாது, இனிச் செதுக்குவேலையே பார்க்கப்போகிறேன், முன்பே அப்படிச் செய்திருந்தால் இன்று ஆயிரம் குல்டன் கூடுதலாகக் கையில் இருந்திருக்கும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த அந்த ஓவியத்தின் நடுப்பகுதி 1729இல் மியூனிக் அரண்மனைத் தீவிபத்தில் எரிந்துபோனது. நமக்கு மிஞ்சியிருப்பது யோப்ஸ்ட் ஹரிஷ் செய்த நகல். அச்சுப்படங்களோ உலகத்தின் அருங்காட்சியகங்களிலெல்லாம் இருக்கின்றன.

இக்கடிதத்துக்குப் பின் சில ஆண்டுகள் அவர் சொன்னபடியே செய்தார். 1511இல் மூன்று பெரிய படநூல்களைச் சேர்த்து வெளியிட்டார். முப்பத்தேழு படங்கள் கொண்ட 'சிறிய பாடுகள்' தொகுதியும் அந்த ஆண்டே வந்தது. திருட்டு அச்சு உடனே முளைத்தது. நகரமண்டபத்தின் முன்னாலேயே ஒருவன் டியூரரின் முத்திரையெழுத்தைப் போலியாகப் போட்டுப் படம் விற்றான் என்றும், எழுத்தை அழிக்க வேண்டும், மறுத்தால் சரக்கைப் பறிமுதல் செய்வோம் என்று சபை ஆணையிட்டது என்றும் 1512 ஜனவரிப் பதிவு சொல்கிறது. சபை தடுத்தது முத்திரையைத்தான், படத்தை நகலெடுப்பதை அன்று என்பது கவனிக்கத்தக்கது.

இந்தக் காலத்தில்தான், இளம் ஓவியர்களுக்காகத் தாம் எழுத நினைத்த பெருநூலுக்கு டியூரர் குறிப்புகள் எடுத்தார். அந்த நூல் திட்டமிட்டபடி எழுதப்படவே இல்லை. பொருளடக்கத்தை மட்டும் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அளவும் வண்ணமும் பேசுவதற்கு முன்பே, ஓவியம் கற்கும் பையன் எவ்வளவு உண்ண வேண்டும், எவ்வளவு உறங்க வேண்டும், வேலைக்கு இடையூறில்லாத இனிய வீட்டில் இருக்க வேண்டும் என்றெல்லாம் வருகிறது. அதில் ஓரிடம்: பையன் அளவுக்கு மீறிப் பயின்று, அதனால் கரும்பித்தம் தலைக்கேறி மனம் சோர்ந்துபோனால், நரம்புக்கருவி இசை கேட்கச் செய்து அவன் இரத்தத்தைக் களிப்பூட்டி மீட்க வேண்டும். தன்னைப் பேணுதல் என்று இக்காலத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறோமே, அதை ஐந்நூறாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறைக்காரர் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார். மிகையுழைப்பு ஒரு நோய், அது திறமைசாலியைத்தான் பிடிக்கும், ஆசிரியன்தான் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

தமக்கு அதைச் செய்துகொண்டாரா? 1514 மே மாதம் தாய் இறந்தாள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, எலும்பு துருத்திய அவள் முகத்தைக் கரியில் வரைந்து வைத்திருந்தார். 'மெலன்கோலியா' அதே ஆண்டில் செதுக்கப்பட்டது. சுற்றிலும் ரம்பம், இழைப்புளி, சுத்தி, ஆணி என்று பட்டறைக் கருவிகள் கிடக்க, எதையும் எடுக்க மனமின்றி உட்கார்ந்திருக்கிறாள் அந்தச் சிறகுடையவள். வேலை இருந்தும் கை ஓடாத நாளை இதைப்போல் யாரும் வரைந்ததில்லை. இப்படத்தின் மாயச்சதுரத்தையும் பன்முகக் கல்லையும் விளக்க நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு நாம் போகவில்லை.

1515இல் ஒருவழியாக நிலையான வருமானம் ஒன்று வந்தது. மூன்றாண்டு தம் செலவிலேயே பேரரசர் மாக்சிமிலியனுக்கு உழைத்தும் ஒன்றும் வரவில்லை என்று பெரியவர்களைப் பிடித்து முறையிட்டதன் பேரில், நியூரம்பர்க் நகரம் பேரரசுக்குக் கட்டும் வரியிலிருந்து ஆண்டுக்கு 100 குல்டன் டியூரருக்குத் தர ஆணை பிறந்தது. இதன் மதிப்பை அவர் விற்ற விலையிலேயே அளந்து பார்க்கலாம். ஆண்ட்வெர்ப்பில் ஒரு குல்டனுக்கு முழுத்தாள் படம் எட்டு, அரைத்தாள் இருபது, கால்தாள் நாற்பத்தைந்து என்ற கணக்கில் கொடுத்ததாக நாட்குறிப்பு சொல்கிறது. 100 குல்டன் என்றால் 800 முழுத்தாள்கள். அச்சிட்டு, கட்டி, சுமந்து, கடை விரித்து, பேரம் பேசி விற்க வேண்டிய 800 தாள்கள். அந்தப் பாடு அவ்வளவையும் ஓர் ஆணை மிச்சப்படுத்தியது. 1519 ஜனவரியில் மாக்சிமிலியன் இறந்ததும், புதிய பேரரசர் உறுதிசெய்யாமல் தரமுடியாது என்று நகரசபை கைவிரித்துவிட்டது.

ஆகவே 1520 ஜூலை 12ஆம் நாள், நாற்பத்தொன்பது வயதில், மனைவி ஆக்னெஸையும் பணிப்பெண் சுசன்னாவையும் அழைத்துக்கொண்டு, பெட்டி நிறைய அச்சுப்படங்களோடு டியூரர் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முடிசூட அங்கேதான் வந்துகொண்டிருந்தார். ஓராண்டுக்கு நீண்ட இப்பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு, மூலம் தொலைந்துபோய்ப் படிகளாக மட்டும் கிடைத்திருக்கிறது. அதை நாட்குறிப்பு என்பதைவிட வரவுசெலவு என்பதே பொருந்தும். பாம்பர்க் பிஷப்புக்கு ஓர் ஓவியமும் படநூல்களும் கொடுத்துச் சுங்கவிலக்குச் சீட்டு வாங்கியது முதல், குளியலுக்கு என்ன, சவரத்துக்கு என்ன, சூதாட்டத்தில் போனது என்ன என்பது வரை எல்லாம் அதில் உண்டு. கரியில் முகம் வரைந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒரு குல்டன். பிரஸ்ஸல்ஸில் நான் வரைந்த ஆறு பேர் ஒன்றுமே தரவில்லை என்ற குறிப்பும் உண்டு. டியூரர் வெளியூர் போயிருந்த நேரம் ஆண்ட்வெர்ப் மாதா கோயிலில் ஆக்னெஸின் பணப்பையை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இரண்டு குல்டனும் சில சாவிகளும்.

போர்த்துகீசிய வணிகப் பிரதிநிதிகள் கொடுத்த பரிசுகளின் பட்டியலில் 'கள்ளிக்கோட்டை'த் துணிகளும் தேங்காய்களும் கிளிகளும் வருகின்றன. கடல்தாண்டி வந்த எதற்கும் அன்று ஐரோப்பாவில் கள்ளிக்கோட்டை என்று பேர் சூட்டிவிடுவார்கள் என்பதால் அத்தனையும் நம் மேற்குக்கரையிலிருந்து போனவை என்று நாம் மார்தட்ட முடியாது. பிரஸ்ஸல்ஸில் மெக்சிகோவிலிருந்து வந்த பொன் சூரியனையும் வெள்ளி நிலவையும் கண்டு, வாழ்நாளில் எதுவும் இப்படி நெஞ்சைக் களிக்க வைத்ததில்லை என்று வியந்து எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இவர் சரக்கு விற்க வந்தவர் என்பதே மறந்துபோகிறது. அவருக்கும் அது மறந்துபோனது போலத்தான் இருக்கிறது.

1520 நவம்பரில் கொலோனில் ஆண்டுத்தொகை உறுதியாயிற்று. வந்த காரியம் முடிந்தது, திரும்பியிருக்கலாம். டிசம்பரில், ஆண்டுக்கு இரண்டு பெருஞ்சந்தை கூடும் பெர்கன்-ஓப்-ஸோம் நகருக்குப் போனவர், ஸீலாந்துக் கரையில் பெரிய திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்க்கப் படகேறினார். ஆர்னமுய்டன் துறையில் எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கையில் பெரிய கப்பலொன்று மோதிக் கயிறு அறுந்தது. டியூரர், உடன்வந்த ஒருவர், இரு கிழவிகள், படகோட்டி, ஒரு சிறுவன் ஆகியோரோடு படகைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. படகோட்டி தலையில் கைவைத்துவிட்டான். டியூரர்தான் தைரியம் சொல்லிச் சிறுபாயை விரிக்க வைத்துக் கரைசேர்த்தார். திமிங்கிலம் இருந்த இடத்துக்குப் போனால், அலை வந்து அதை அடித்துக்கொண்டு போயிருந்தது.

அடுத்த ஏப்ரலில் ஆண்ட்வெர்ப்பில் கடுங்காய்ச்சல், அசதி, குமட்டல், தலைவலி. ஸீலாந்தில் இருந்தபோதே எவரும் கேட்டிராத விசித்திர நோயொன்று என்னைப் பற்றியது, இன்னும் விடவில்லை என்று எழுதுகிறார். அது மலேரியாவாக இருக்கலாம் என்பது பிற்காலத்தவர் பலரின் ஊகம். அதற்குப் பின்னான பக்கங்களில் மருத்துவருக்கு இவ்வளவு, மருந்துக்கடைக்கு இவ்வளவு என்ற வரிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிரெமன் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு ஓவியம் இருக்கிறது: அரையாடையுடன் டியூரர் தம் இடப்பக்க விலாவின் கீழ் மஞ்சள் வட்டத்தைச் சுட்டிக் காட்டுகிறார், விரல் தொடும் இடத்தில் வலிக்கிறது என்று மேலே குறிப்பு. தொலைவிலிருந்த மருத்துவருக்கு அனுப்ப வரைந்தது என்பார்கள். இப்பயணத்தின்போதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்பா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மண்ணீரல் அங்கேதான் இருக்கிறது. கரும்பித்தத்தின் இருப்பிடம் அதுவே என்பது அக்கால மருத்துவம்.

1521 கோடையில் புறப்படும் முன் மொத்தக் கணக்கையும் பார்த்த டியூரர், நெதர்லாந்தில் செய்த எல்லாக் காரியத்திலும், வரவிலும் செலவிலும் விற்பனையிலும், பெரியோரிடமும் சிறியோரிடமும் தமக்கு நட்டமே என்று எழுதுகிறார். நெதர்லாந்தை ஆண்ட மார்கரெட் அம்மையார் தம் படங்களனைத்தையும் வாங்கிக்கொண்டு ஒன்றும் தரவில்லை என்று தனியாகக் குறை சொல்கிறார். வீடுபோய்ச் சேர இம்ஹோஃப் குடும்பத்தாரிடம் 100 குல்டன் கடன். நாம் இந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மீட்டெடுத்த ஆண்டுத்தொகை வாழ்நாள் முழுக்க வந்தது; அதை அவர் இந்தப் பேரேட்டில் சேர்க்கவில்லை. உடம்பையும் அவர் சேர்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் மீதி என்ன வரும் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

அதன்பின் தூரப்பயணம் என்று ஒன்றும் அவர் வாழ்வில் இல்லை. 1524 அக்டோபரில் நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். சேர்த்துவைத்த 1000 குல்டனைச் சபை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு 50 வட்டி தர வேண்டும் என்பது கோரிக்கை. தானும் மனைவியும் நாளுக்கு நாள் மூப்பும் தளர்ச்சியும் அடைந்து வருகிறோம் என்கிறார். இந்த ஊரில் இருந்த முப்பதாண்டில் ஊர்க்காரர்களிடமிருந்து 500 குல்டனுக்குக்கூட வேலை வரவில்லை, ஈட்டியதெல்லாம் வெளியாரிடம்தான் என்கிறார். வெனிஸ் ஆண்டுக்கு 200 டுகாட் தருவதாகச் சொன்னது. ஆண்ட்வெர்ப் 300 குல்டனும் வரிவிலக்கும் நல்ல வீடும் தருவதாகச் சொன்னது. ஊர்மேல் உள்ள பற்றினால் இரண்டையும் மறுத்தேன் என்கிறார். சபை கோரிக்கையை ஏற்றது. வாழ்நாளெல்லாம் சரக்கை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தவர், கடைசியில் எங்கும் போகாமலிருக்க விலைகொடுத்து வாங்கிய ஏற்பாடு இது என்று படிக்க நமக்குப் பிடித்திருக்கிறது.

1528 ஏப்ரல் 6ஆம் நாள் தம் 56ஆம் வயதில் டியூரர் இறந்தார். சொத்து ஏறத்தாழ 7000 குல்டன். அந்நகரின் கணிசமான செல்வந்தர்களில் ஒருவராகவே போயிருக்கிறார். இரண்டாண்டு கழித்துப் பிர்க்ஹைமர் வியன்னாவிலிருந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் ஆக்னெஸின் பெயரைப் பல நூற்றாண்டு கெடுத்தது. இரவு பகலாக உழைக்கவைத்து, பணத்துக்காக அரித்தெடுத்து, மனிதனை வைக்கோலாகக் காயவைத்துக் கொன்றவள் அவளே என்பது குற்றச்சாட்டு. பல வரலாற்றாசிரியர்கள் இதைக் கேள்வியின்றி எடுத்தாண்டார்கள். அதே கடிதத்தில் டியூரரிடம் இருந்த ஒரு மான்கொம்பை ஆக்னெஸ் தமக்குத் தெரியாமல் வேறு யாருக்கோ விற்றுவிட்டாள் என்ற ஆத்திரமும் இருப்பதை அவர்கள் அவ்வளவாகப் பேசவில்லை. சந்தைக்குப் போனவளைப் பணத்தாசைக்காரி என்பதும், அவள் கொண்டுவந்த பணத்தில் வீட்டிலிருந்து செதுக்கியவரை மேதை என்பதும் எளிது. திமிங்கிலம் பார்க்கப் போகச்சொன்னது ஆக்னெஸ் அல்லள்.

கணவர் இறந்த ஆண்டே, அவருடைய அளவை நூல் வெளிவருமுன் அதிலிருந்து திருடிக் குதிரைகளின் அளவைப் பற்றி ஒரு நூல் வெளியிட முயன்ற ஸீபால்ட் பேஹாமைச் சபையின் மூலம் ஆக்னெஸ் தடுத்து நிறுத்தினாள். அவ்வாண்டு இறுதிக்குள் 'மனித உடலளவு குறித்த நான்கு நூல்கள்' வெளிவந்தது. அதற்குப் பின் பதினோராண்டு, பலகைகளையும் தகடுகளையும் காத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்து, 1539 டிசம்பரில் இறந்தாள். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலும் மாணவனுக்கு உதவித்தொகையாக அவள் ஒதுக்கிவைத்த மூலதனம் 1000 குல்டன்.